முருக்க மரத்தடிக்குப் போகாதீர்கள்

மாசி மாதத்தில் ஒரு வாரம் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் நான் எழுதியதை உங்களில் எத்தனை பேர் வெட்டி வைத்திருக்கிறீர்கள்?

நடந்தே ஊர் பார்க்கப் புறப்படும் புதியவர்களுக்குச் சில யோசனைகள் – அதுதான் விஷயம். எதை எடுத்துக்கொள்வது, எதை வீட்டில் விடுவது, எந்தப் பாதை, எங்கே உட்காருவது... எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு பிரியம் வந்தது. பாராட்டிப் பதினொரு கடிதங்கள். ஒருவர் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தம் கடைச் சுவரில் மாட்டியிருப்பதாக எழுதினார்.

பன்னிரண்டாவது கடிதம் போன மாதம் வந்தது.

றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியார் எழுதியிருந்தார். முத்து முத்தான கையெழுத்து. ஆனால் முதல் வரியிலேயே இரண்டு இடத்தில் மை கரைந்திருந்தது.

“ஐயா, தங்கள் பத்தியை வாராவாரம் லயத்து வீடுகளில் வாசித்துக் காட்டுகிறவன் நான். எங்கள் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் பழனியாண்டி, அண்ணனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, தாங்கள் எழுதிய குறுக்கு வழியாகப் பெல்மதுளைக்கு அப்பால் உள்ள ரப்பர் தோட்டத்துக்கு ஒரு ஞாயிறு விடியலில் புறப்பட்டார். அன்றைக்கே திரும்பிவிடலாம் என்றார். ஐந்து வாரமாகிறது. திரும்பவில்லை. அண்ணனிடமும் போய்ச் சேரவில்லை. தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் ‘ஓடிப்போனான்’ என்று எழுதிப் பெயரை வெட்டிவிட்டார்கள். அவர் மனைவி காத்தாயி தங்களிடம் கேட்கச் சொன்னது ஒன்றுதான் – அந்த வழி நல்ல வழியா?”

கடிதத்தை மடித்தேன். மறுபடி விரித்தேன்.

அந்த வழி நல்ல வழியா? எனக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு முறை நடந்தவன் நான். மழை இல்லாத காலம். வயிறு நிறையச் சோறு. போகிற இடத்தில் யாரும் காத்திருக்கவில்லை. திரும்ப வேண்டிய நேரம் என்று ஒன்றும் இல்லை. நாற்பத்தாறு வயதாகியும், மழை விட்ட காலையில் ஒரு ரோடு வளைந்து போவதைப் பார்த்தால் உள்ளங்கால் அரிக்கிறவன்... அந்த அரிப்பில் நடந்தேன். அந்த அரிப்பிலேயே எழுதினேன்.

வெட்டி வைக்காதவர்களுக்காக, அன்று எழுதியதில் மூன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும்.

தீப்பெட்டியைத் தகர டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி மெழுகு பூசுங்கள் என்றேன். அது ஒன்று.

மூட்டையைத் தலையில் வைக்காதீர்கள் என்றேன். “எல்லாவற்றையும் கம்பளியில் சுருட்டி முதுகில் ஏற்றி, மார்பின் குறுக்கே இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இரண்டு கையும் வீசி நடங்கள். நீங்கள் சுமைகூலி அல்ல, பயணி!” – இதை எழுதிவிட்டு எழுந்து நின்று ஒரு முறை உரக்கப் படித்துப் பார்த்தேன். எங்கே கற்றேன் தெரியுமா? சிவனொளிபாத மலையில் ஓர் இளவயது வெள்ளைக்காரத் தொரை தோல் பையை முதுகில் மாட்டிக்கொண்டு விசிலடித்தபடி ஏறுவதைப் பார்த்தேன். அவ்வளவுதான் என் ஞானம். அவர் பையின் வார் ஒரு கொக்கியைத் தட்டினால் கழன்றுவிடும். அதை நான் கவனிக்கவில்லை.

மூன்றாவது, அந்தக் குறுக்கு வழி. கஹவத்தை தாண்டி வண்டி ரோட்டை விட்டு இறங்கினால், குன்றைச் சுற்றாமல் வயல் ஓரமாகவே பெல்மதுளை ரோட்டைப் பிடித்துவிடலாம். ஆறு மைல் மிச்சம். “வழியில் முள்முருக்க மரங்கள் வரிசையாக நிற்கின்றன, வழிப்போக்கருக்கென்றே யாரோ நட்டது போல. அந்த நிழலில் ஒதுங்குங்கள்.”

யாரோ நட்டது போல... நட்டது யார் என்று அன்று ஒருவரையாவது கேட்டேனா?

சனிக்கிழமை ரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் றக்வானைக்குப் போய், அங்கிருந்து தோட்டத்துக்கு ஏறினேன். வாத்தியார் பாதிவழியில் வந்து நின்றார். மெலிந்த மனிதர். வணக்கம் சொல்லவும் இல்லை, நலம் கேட்கவும் இல்லை.

“நான்தானுங்க வாசிச்சேன்” என்றார். “ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாரு. மூட்டை கட்டுற எடத்த மூணு தடவ.”

தோட்டத்தில் வெளியாள் லயத்துக்குள் காலை வைக்க வேண்டுமானால் பெரிய கங்காணியின் உத்தரவு வேண்டும். இரண்டாள் பருமன், காதில் கடுக்கன், கோட்டுக்குக் கீழே வேட்டி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“பத்திரிகைக்காரங்களா? நல்லாருக்கு. ஓடுகாலிப் பயலப் பத்தியெல்லாம் பத்திரிகையில போடுறாங்களா இப்ப?”

“அவர் ஓடினார் என்று எப்படித் தெரியும்?”

“எப்படித் தெரியுமா?” சிரித்தார். “நான் என் கண்ணால பார்த்தேன் சாமி. விடியக்காலம் கம்பளிய முதுகுல போட்டு, நெஞ்சுக்குக் குறுக்க இறுக்கிக் கட்டிக்கிட்டு போறான். அண்ணன் வீட்டுக்குப் போறவன் மூட்டையத் தலையில வச்சுக்கிட்டுல்ல போவான்? எங்க அப்பன் போனான், தாத்தன் போனான், கடல் தாண்டி வந்தவன் பூராம் அப்படித்தான் வந்தான். முதுகுல கட்டுறவன் எவன்? ஓடுறவன்! அப்பவே நெனச்சேன்...”

நான் வாத்தியாரைப் பார்த்தேன். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

“ஓடுனவன் பொண்டாட்டிக்குக் காம்பரா எதுக்கு? புதுசா ஒரு குடும்பம் வருது. மாசக் கடைசியில காலி பண்ணணும்னு சொல்லியாச்சு. செத்தவன் பொண்டாட்டின்னா வேற பேச்சு. அதுக்குச் சட்டம் இருக்கு, நானும் மனுஷன். இது ஓடுனவன் பொண்டாட்டி.”

லயத்தில் ஓர் அறைக்குத்தான் காம்பரா என்று பேர். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அந்தப் பத்துக்குப் பன்னிரண்டுக்குள் காத்தாயி நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். கொழுந்துக் கறை பிடித்த விரல்கள். நான் பேச்சைத் தொடங்க வழி தெரியாமல், “வாத்தியார் கடிதம் கிடைத்ததம்மா...” என்றேன்.

“வழி நல்ல வழியான்னு கேட்டேன். நீங்களே வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு. காட்டுங்க.”

“எதை?”

“வழியத்தாங்க. எழுதுனது நீங்கதானே? அப்ப ஒங்களுக்குத்தானே தெரியும்? நாளைக்கு ஞாயித்துக்கெழம. கங்காணிகிட்ட கேட்டுட்டேன். ஒரு நாளு குடுத்திருக்காரு. திங்கக்கெழம விடிய பேரு கூப்புடுற பெரட்டுக்கு நான் நிக்கணும்.”

“அம்மா, ஒருவேளை அவர் வேறு எங்காவது... வேறு தோட்டத்தில் நல்ல வேலை கிடைத்து...”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவளின் பொறுமை.

“அவரு ஓடல. எம் மகள ஸ்கூல்ல ஓடுனவன் மகள்னு கூப்புடுறாங்க. நான் ஓடலன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன். ஓடலன்னா என்ன அர்த்தம்னு ஒங்களுக்குத் தெரியாதாங்க ஐயா?”

தெரியும். ரத்தினபுரியில் பஸ் ஏறும்போதே தெரியும். தெரிந்ததைத் தெரியாததாக்கிக்கொள்ளத்தானே எழுதுகிறவனுக்கு இத்தனை சொற்கள்!

மறுநாள் மலையின் கழுத்தில் மூடுபனி கிடக்கும்போதே இறங்கினோம். காத்தாயி தலையில் ஒரு சிறு மூட்டை. என் மூட்டை... அதைக் கையில் தூக்கிக்கொண்டேன். முதுகு கூசியது.

முந்தின இரவெல்லாம் மழை பெய்திருந்தது. புல்லில் கால் வைத்தால் அட்டை. நான் குனிந்து குனிந்து எலுமிச்சம்பழமும் உப்பும் தேய்த்துக்கொண்டிருந்தேன். காத்தாயி வாயிலிருந்த புகையிலையைச் சாறோடு உள்ளங்கையில் துப்பி, காலில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு நடந்தாள்.

“எலுமிச்சங்கா சோத்துக்குங்க. அட்டைக்குப் பொகையில. இதையும் பத்திரிகையில போட்டிருந்தீங்களாமே? வாத்தியாரு வாசிக்கையில நாங்க பொம்பளைங்க சிரிச்சோம்.”

“அப்போதே எழுதியிருக்கலாமே எனக்கு.”

“எழுதத் தெரிஞ்சா நான் ஏன் கொழுந்து பறிக்கிறேன்?”

சற்றுத் தூரம் போனதும் என் கான்வாஸ் சப்பாத்தைக் காட்டினாள். “அதக் கழட்டுங்க. பூட்சு போட்ட காலுக்கு மண்ணு எதுவும் சொல்லாது.”

கழற்றினேன். அவள் சொன்னது சரி. ஈரம் எங்கே கெட்டி, எங்கே பொய் – உள்ளங்கால் முதலில் அறிந்துகொள்கிறது. இருபது வருஷமாக நடக்கிறேன், நடையைப் பற்றி எழுதுகிறேன். வெறுங்காலோடு நடந்ததில்லை.

“அவரும் வெறுங்கால்தானே?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“அவரு என்னைய விட நல்லா நடப்பாரு” என்றாள். அதன்பின் ஒரு மைல் எனக்கு முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் போயிருக்கலாமே அந்த மனிதர் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். பஸ்ஸுக்குக் காசு இருப்பவர் என் பத்தியை மூன்று தடவை வாசிக்கச் சொல்லுவாரா? நடையைப் பொழுதுபோக்கென்று எழுதினேன். அதை அவசரத்துக்கு நடக்கிறவர் கேட்டார்.

நாலு மணி நேரத்தில் அந்த வயலுக்கு வந்து சேர்ந்தோம்.

மாசியில் பார்த்த வயலா அது? அன்று காய்ந்து வெடித்த மண், மேடு பள்ளம், ஆங்காங்கே சரளைக் குவியல். இன்று ஒரே பச்சை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சமமாக, கம்பளம் விரித்தாற்போல... அதன் நடுவே என் மரங்கள். ஏழு. மழையில் குளித்து, இலை தழைத்து, அப்படி ஒரு நிழல்.

நான் காட்டுவதற்கு முன்பே காத்தாயி அதை நோக்கித் திரும்பிவிட்டாள். அவள் கால் தானாகத் திரும்பியது. அது அவள் தப்பா? தோட்டத்தில் தேயிலைக்கு நிழலாக நட்டிருப்பது இதே முருக்கு. பத்து மணித் தேத்தண்ணி அதனடியில். கொழுந்து நிறுக்கக் காத்திருப்பது அதனடியில். கைப்பிள்ளைக்குச் சேலையில் ஏணை கட்டுவது அதன் கிளையில். முருக்க மரத்தைக் கண்டால் தோட்டத்து மனிதரின் உடம்பு ‘அப்பாடா’ என்று தளர்கிறது. மரம் இருந்தால் கீழே கெட்டி மண் இருக்கும் – பிறந்ததிலிருந்து கால் படித்த பாடம் அது.

“ஏய்! எப்பா! எப்பா!”

வரப்பில் ஒருவர் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். எப்பா என்றால் சிங்களத்தில் ‘வேண்டாம்’. காத்தாயி நின்றுவிட்டாள். நான் இரண்டடி கூடுதலாக வைத்துவிட்டு நின்றேன்.

பொடிசிங்கோ என்று பேர் சொன்னார். மாணிக்கக் குழி வெட்டுகிறவர். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் களிமண். மூச்சு வாங்கியது. கையிலிருந்த நீளமான மூங்கிலை, எங்களுக்கு நாலு முழத்துக்கு முன்னால், அந்தப் பச்சைப் புல்லின் மேல் வைத்து அழுத்தினார்.

மூங்கில் இறங்கியது. இறங்கியது. அவர் கை புல்லைத் தொடும் மட்டும் இறங்கியது.

“குழி” என்றார் தமிழில். “பழைய குழி. கல் இல்லாட்டி விட்டுட்டுப் போறது. தண்ணி வரும், புல் மூடும். அடுத்த ஆள் விழ வேணாம்னு பக்கத்துல ஒரு கம்பு நடுறது.” மரத்தைக் காட்டினார். “இந்தக் கம்பு.”

சப்பிரகமுவ மண்ணில் எதை நட்டால் முளைக்காது? நட்ட கம்பு வேர் விட்டது. வேர் விட்டது கிளைத்தது. கிளைத்தது நிழலானது. ஊர்க்காரருக்கு அந்த மரம் தூரத்திலிருந்தே ‘வராதே’ என்று கத்துகிறது. தோட்டத்தாளுக்கு அதே மரம் ‘வா, உட்கார்’ என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்று, இரண்டு பக்கமும் கேட்டுச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஏழு மரம். ஏழு குழி. மாசியில் மூன்றாவது மரத்தடியில் உட்கார்ந்து நான் புளிச்சோறு சாப்பிட்டேன். கை கழுவிய தண்ணீரை முதுகுப் பக்கம் ஊற்றினேன். அது எங்கே போய் விழுந்ததோ, திரும்பிப் பார்க்கவில்லை.

காத்தாயி தலைமூட்டையை இறக்கவில்லை. நின்றபடியே சிங்களத்தில் கேட்டாள் – என்னைவிட நன்றாகப் பேசினாள். ஆறு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, ஒரு தமிழ் ஆள்...

பொடிசிங்கோ வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அனே நங்கி...” என்றார். ஐயோ தங்கச்சி என்று அர்த்தம். வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு சொன்னார். பாதி தமிழில், பாதி சிங்களத்தில். திங்கட்கிழமை காலை வேலைக்கு வரும்போது நாலாவது மரத்தடியில் தண்ணீரில் ஒரு தலைத்துண்டு மிதந்தது. நாலு பேர் இறங்கி எடுத்தார்கள்.

“மூட்டை முதுகுல. கம்பளி தண்ணி குடிச்சுக் கல்லு மாதிரி. நெஞ்சுல முடிச்சு... அவிழ்க்க முடியல. நாங்க கத்தியால வெட்டினது.” தன் மார்பில் கை வைத்துக் காட்டினார். “ஓரத்து மண்ணுல வெரல் அடையாளம், குழி விளிம்பு வரைக்கும் இருந்தது. ஏறப் பார்த்திருக்கார். மூட்டை கீழ இழுக்குது. தலையில வச்சிருந்தா அது முதல்ல விழும், ஆள் வந்திருவார்.” என்னைப் பார்த்தார். “தோட்டத்து ஆள் எல்லாம் தலையிலதானே மாத்தையா? யார் இவருக்கு இப்படிக் கட்டச் சொன்னது?”

“நான்” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. விளக்க என் சிங்களம் போதவில்லை. காத்தாயி விளக்கினாள். என்ன சொன்னாள் என்று எனக்கு முழுதும் தெரியாது. பத்திரிகை என்ற பொருளில் ‘பத்தரே’ என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. பொடிசிங்கோ என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூங்கிலைச் சேற்றிலிருந்து உருவி, என்னிடம் நீட்டினார்.

“இதைத் தட்டித் தட்டி வாங்க” என்றார். “பின்னால வாங்க.”

அந்த மாதிரி ஓர் அடி என்னை யாரும் அடித்ததில்லை.

ஊர்த் தலைவரான ஆராச்சியின் வீட்டில் ஒரு சாக்குப் பொதி இருந்தது. விசாரணை முறைப்படி நடந்து, உடலை வயலுக்கு மேலே மேட்டில் புதைத்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்டதாக ஆராச்சி சொன்னார். எங்கும் ஒரே பதில்: எங்கள் ஆள் யாரும் குறையவில்லை. அதற்கப்பால் றக்வானை வரைக்கும் கேட்க யாருக்குத் தோன்றும்? அங்கேயும்தான் யாரும் குறையவில்லையே, ஓடிப்போனவர் ஒருவரைத் தவிர!

பொதியைப் பிரித்தார்கள். குறுக்கே அறுபட்ட கம்பளி. முடிச்சு அப்படியே இருந்தது. என் முடிச்சு. ஒரு வேட்டி. அண்ணனுக்கென்று எடுத்துப்போன கொத்தமல்லிப் பொட்டலம் முளைவிட்டுக் காய்ந்திருந்தது. ஒரு தகர டப்பா.

காத்தாயி டப்பாவைத் திறந்தாள். மூடியைச் சுற்றி மெழுகு. உள்ளே தீப்பெட்டி... நனையவில்லை. என் யோசனைகளில் அது ஒன்று பலித்திருந்தது.

ஆராச்சி புத்தகத்தை எடுத்து விரித்தார். ‘பெயர் தெரியாத தமிழ் ஆண்’ என்று சிங்களத்தில் எழுதியிருந்த வரியைக் காட்டினார். “பெயர் சொன்னால் எழுதி, ஒரு கடிதமும் கொடுக்கலாம்.”

வாத்தியார் கடிதத்திலிருந்து எனக்குப் பெயர் தெரியும். வாயைத் திறந்தேன். காத்தாயி கையை உயர்த்தினாள்.

“இருங்க. நானே சொல்றேன்.”

உங்களுக்குத் தெரியும், நம் பெண்கள் புருஷன் பேரைச் சொல்வதில்லை. பெரட்டில் கேட்டால்கூடப் பக்கத்திலிருப்பவளை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். பதினொரு வருஷம் ஒரு காம்பராவில் வாழ்ந்து அவள் ஒரு நாளும் உச்சரிக்காத பேர்.

“பழனியாண்டி” என்றாள்.

ஆராச்சிக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை சொன்னாள். அவர் எழுத்தெழுத்தாக எழுத, ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் காத்திருந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேட்டில் அடையாளம் ஒன்றுமில்லை. கொஞ்சம் உயர்ந்த மண், அதன்மேல் ஒரு கருங்கல். காத்தாயி தன் மூட்டையை அங்கேதான் முதல் முறையாக இறக்கினாள். வெற்றிலை. தேங்காய். ஒரு கட்டிக் கற்பூரம்.

கற்பூரம்! அப்படியானால் அவள் காலையில் இறங்கும்போதே...

பழனியாண்டியின் டப்பாவிலிருந்த தீக்குச்சியை உரசினாள். முதல் குச்சியே பற்றியது.

அவள் அழுததை நான் எழுதப் போவதில்லை. அது எனக்குரிய விஷயமல்ல. பொடிசிங்கோ தள்ளி நின்று, கையிலிருந்த களிமண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வண்டி ரோட்டில் வந்தோம். ஆறு மைல் சுற்று. கஹவத்தையில் பஸ் கிடைத்தது. ஜன்னலோரம் அவள், நடுவில் சாக்குப் பொதி, இந்தப் பக்கம் நான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பஸ் ஏறினதிலிருந்து சொற்களை அடுக்கினேன். அடுக்கினதெல்லாம் பத்தி மாதிரியே வந்தது. விட்டுவிட்டேன்.

அவளே பேசினாள். “இதப் பத்தி எழுதுவீங்களா?”

“எழுதவா?”

“எழுதுங்க. வாத்தியாரு வாசிக்கிற மாதிரி எழுதுங்க. எங்களுக்குக் கேட்டுத்தான் தெரியும். கேட்டதத்தான் நம்புவோம்.”

திங்கட்கிழமை காலை வாத்தியாரும் நானும் ஆராச்சியின் கடிதத்தோடு பெரிய கங்காணி முன்னால் நின்றோம். வாத்தியார் படித்துச் சொன்னார். கங்காணி கடுக்கனைத் திருகியபடி கேட்டார்.

“அப்ப ஓடல” என்றார் கடைசியில்.

“ஓடவில்லை.”

“தலையில வச்சிருக்கலாம் பாவிப் பய” என்றார். பிறகு கடுக்கனை விட்டுவிட்டு, “காம்பராவுல இருக்கட்டும்” என்றார்.

கணக்கப்பிள்ளை செக்ரோலைப் புரட்டி, ‘ஓடிப்போனான்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே ‘இறந்தான்’ என்று எழுதினார். மை காய ஊதினார். ஒரு மனிதருக்கு அவ்வளவுதான் மரியாதை திரும்பக் கிடைத்தது. அதை வாங்க ஒரு பெண் மலையிறங்கி நாலு மணி நேரம் நடக்க வேண்டியிருந்தது.

செய்தி சொல்லலாமென்று பார்த்தால் காத்தாயி ஏற்கெனவே மலையில் இருந்தாள். வாத்தியார் கீழிருந்து கையைக் குவித்துக் கூவினார், “காம்பரா ஒனக்குத்தான் புள்ளே!” அவள் நிமிர்ந்தாள். தலையை ஒரு முறை ஆட்டினாள். மறுபடி குனிந்து கொழுந்து பறித்தாள். அவள் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி ஒரு முருக்க மரம். அன்று பத்து மணித் தேத்தண்ணிக்கு அதனடியில் போய் உட்கார்ந்தாளா என்று எனக்குத் தெரியாது.

பழனியாண்டியின் அண்ணன் காய்ச்சல் தெளிந்து நன்றாக நடமாடுகிறாராம்.

ஆக, மாசி மாதப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். கடையில் மாட்டியிருக்கும் நண்பரே, சட்டத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். லயங்களில் வாசித்துக் காட்டுகிறவர்கள், அதை எவ்வளவு சத்தமாக வாசித்தீர்களோ அவ்வளவு சத்தமாக இதையும் வாசியுங்கள். மூட்டை தலையில் இருக்கட்டும். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஓர் இழுப்பில் கழலும் சுருக்காகப் போடுங்கள். அந்த நுனி உங்கள் கைக்கு எட்டட்டும். சப்பாத்துக்காரன் சொல்லும் வழியை நம்பாதீர்கள். தெரியாத வயலில் தனியாக நிற்கும் மரத்தைப் பார்த்தால், அதை நட்டவர் யார் என்று அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். நேரமாகும்தான். ஆகட்டும்.

காத்தாயி வாத்தியாரைக் கொண்டு என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. வாத்தியாரய்யா, இந்தக் கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்:

இல்லை அம்மா, அது நல்ல வழி இல்லை.